போன வருடத்து முகம்

முப்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். வேறு எப்படிச் சொல்வது? கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம் இருக்கும் ஒரு ஸ்ரூடியோவில் ஏழு வருடம் வேலை செய்தேன். மகள் பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது நின்றேன். பிறகு போகவில்லை. இனிப் போவேன் என்றும் தோன்றவில்லை.

எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்த தர்சிகா போன கிழமை அழைத்தாள். "அக்கா, நீங்கள் எப்பிடிப் போல்டர் பிரிச்சு வைச்சனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன். இப்ப கொம்பியூட்டரே முகம் பாத்துப் பிரிக்குது. அன்ரன் அண்ணை அதை நம்பிறாரில்லை. என்னத்தைக் கேட்டாலும் 'அவளைக் கேள்' எண்டுறார்."

ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முறையைச் சொன்னால் அந்த முறை எந்த இடத்தில் உடைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

நான் தொழில் பழகியதில் சொல்ல அதிகமில்லை. ஏ.எல். முடித்து வவுனியாவில் ஆறு மாதம் கணினி வகுப்பு. பிறகு தினமும் கனகராயன்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ். முதல் வருடம் முழுவதும் அடையாள அட்டைப் படங்களுக்குப் பின்னணி மாற்றினேன்.

முதலாளி அன்ரன் அண்ணை முல்லைத்தீவுக் கரையோரத்தவர். தகப்பனும் சகோதரர்களும் கடலுக்குப் போனவர்கள். இவர் ஒருவர்தான் கமராவைத் தூக்கினார். கல்யாண மாப்பிள்ளைகளிடம், "தம்பி, இப்பவே வடிவாச் சிரியும். இனிச் சிரிக்க நேரம் கிடைக்காது" என்பார். ஆனால் பழைய படங்களோடு யாராவது வந்தால் குரல் இறங்கிவிடும். அவர்களோடு சேர்ந்து திரையைப் பார்க்கமாட்டார். அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் பகுதி வீடுகளில் பழைய அல்பம் இருப்பது அபூர்வம். இடம்பெயர்ந்து ஓடியபோது விட்டுவிட்டு வந்தவை அவை. ஆனால் அதற்கு முன்னர் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எடுத்த படங்களில் ஒவ்வொரு பிரதியை வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். இங்கே எல்லாம் போன பிறகு, அந்தப் படங்கள் போன் வழியாகத் திரும்பி வரத் தொடங்கின. அவை ஆயிரக்கணக்கில், திகதியில்லாமல், கோயில் திருவிழாப் படங்களோடும் காலை வணக்கப் பூக்களோடும் கலந்து கிடக்கும். அந்தக் குவியலைக் கொண்டுவந்து, "ஆள் ஆளாப் பிரிச்சுத் தாங்கோ" என்பார்கள். நான் செய்தது அந்த வேலை.

முறை இதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரின் பெயரோடு ஒரு கோப்புறை. அதற்குள் ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று. பெயருக்கு முன்னால் ஓர் எண் போடுவோம். ஒன்று என்றால் இருக்கிறவர். இரண்டு என்றால் காலமானவர். இன்னும் சிலருக்கு எண் இல்லை. பெயருக்கு முன்னால் வெறும் சிறிய கோடு மட்டும். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று அன்ரன் அண்ணை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வன்னியில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் நான் ஒரு பிழை செய்தேன். சண்டை முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு ஒரு படமும் இல்லாதவர்களுக்கெல்லாம் நானே இரண்டாம் எண் போட்டேன். ஒரு பெரியவர் வந்து திரையைப் பார்த்தார். தன் பெயருக்கு முன்னாலும் இரண்டு இருந்தது. "பிள்ளை, என்னை ஆரும் அதுக்குப் பிறகு படமெடுக்கேல்லை. அவ்வளவுதான்" என்றார். அவர் போன பிறகு அன்ரன் அண்ணை சொன்னார்: "உனக்குத் தெரிஞ்சாலும் நீ சொல்லாதை. அவையின்ர வாயால வரட்டும். நாங்கள் எழுதுறது மட்டும்தான்."

இன்னொன்றும் அப்படித்தான். இறந்தவர் தனியாக நிற்கும் படம் பெரும்பாலும் கிடைக்காது. கூட்டப் படத்திலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் தோளில் யாருடைய கையாவது மிஞ்சும். மணிக்கட்டோடு ஒரு கை, சில நேரம் மோதிரத்தோடு. அதை அழித்துச் சட்டைத் துணியால் நிரப்புவது பத்து நிமிட வேலை. ஆனால் அன்ரன் அண்ணை விடமாட்டார். "ஆற்ற கை எண்டு கேட்டிட்டு அழி." கேட்டால் பலர் திரையில் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். சிலர், "கை இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். நீலப் பின்னணியில் ஒருவர் தனியாக இருப்பார். அவர் தோளில் எங்கிருந்தோ வந்த கை இருக்கும். அப்படிப் பத்துப் படமாவது நான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இனிச் செல்வராணி அம்மா.

அவர் உடையார்கட்டில் வயல் செய்யும் குடும்பத்தவர். ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில் ஒரு பை கச்சான் கடலையோடு வருவார். கடைசி மகன் கஜன் பிறந்த மாதம் அது. பதினேழு வயதில், கடைசிச் சண்டையின்போது, சனத்துக்குள் தவறவிடப்பட்டவன். அவன் வளர்ந்த பிறகு எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் தப்பியிருந்தது. ஓ.எல். பரீட்சைக்கு எடுத்த படம், கனடாவில் இருக்கும் அவனுடைய மாமி அனுப்பியது. அம்மா அந்த முகத்துக்கு வருடத்துக்கு ஒரு வயது கூட்டித் தரச் சொல்வார். எனக்கு முன்பு அன்ரன் அண்ணை செய்தார். பிறகு அது என் வேலை ஆனது.

ஒரு வருடம் என்பது முகத்தில் மிகக் கொஞ்சம். கன்னத்தில் சிறிது சதை, மீசையில் கொஞ்சம் கறுப்பு, நெற்றி முடியை ஒரு நூல் அளவு பின்னால் தள்ள வேண்டும். தகப்பன் கந்தசாமி ஐயாவின் நெற்றியையும் தாய்மாமனின் தாடையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்வேன். அம்மா கதிரையில் இருந்து, "உதடு காயுது பிள்ளை, வெயிலுக்க நிக்கிறானாக்கும்" என்பார். உதட்டை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அவர் வந்ததும் சொல்வது ஒன்றுதான். "போன வருசத்தானை எடுங்கோ." நாங்களும் அதைத்தான் எடுத்தோம். மூலப் படத்தைத் திறப்பதில்லை. முதல்நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல, போன வருடம் விட்ட முகத்திலிருந்து தொடங்குவோம்.

நான் முதன்முதலாகச் செய்த வருடம் அவர்களுக்கு வீட்டுத்திட்ட வீடு முடிந்திருந்தது. குடிபூரலுக்குத் தகப்பனையும் மகனையும் ஒரே சட்டத்துக்குள் கேட்டார் அம்மா. இருவரையும் பக்கத்தில் வைத்தால், கஜன் தகப்பனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. முகத்தைத் திருப்பக்கூடாது, வேண்டுமானால் ஆட்களை இடம் மாற்று என்று அன்ரன் அண்ணை சொல்லியிருந்தார். இடம் மாற்றிப் பார்த்தேன். அம்மாவுக்குத் தகப்பன் இடப்பக்கம் இருப்பதுதான் பிடித்திருந்தது. ஒரு சட்டத்துக்குத்தானே என்று கஜனின் முகத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாகத் திருப்பிவிட்டேன். அவனுடைய இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு வலது புருவத்துக்குப் போனது. சட்டைப் பையும் மற்றப் பக்கம் போனது. ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் நான் திறந்த "போன வருசத்தான்" அந்தத் திருப்பிய முகம். அதற்கடுத்த வருடமும் அதுவே.

இதுதான் நான் செய்த பிழை. அப்போது அது பிழை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

மகள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது கந்தசாமி ஐயா இறந்தார். கனடாவிலிருந்து மூத்த மகள் நளினி அக்கா வந்து நின்றார். முப்பத்தோராம் நாள் வீட்டுக் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அதற்காகத் தாயும் மகளும் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார்கள். அதில் பதினோராயிரம் படங்கள்.

"வயித்துப்பிள்ளைக்காரி செத்தவையின்ர படத்தில கை வைக்கக்கூடாது" என்று வீட்டில் என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் திரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் கைப்பையை வைத்துக்கொள்வேன்.

கல்வெட்டில் குடும்பப் பக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் பெயரும் படமும் வரும். இறந்தவர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். கஜனுக்கு வந்ததும் நளினி அக்கா சொன்னார்: "தம்பிக்கு அதைப் போடுங்கோ. அப்பா போறதுக்கு முதல் கேட்டவர். அவனுக்கும் என்னோட சேர்த்து ஒரு பிண்டம் வையுங்கோ எண்டு."

"அந்த மனுசன் காய்ச்சலில சொன்னது" என்றார் அம்மா.

"காய்ச்சல் இல்லையம்மா. தெளிவாச் சொன்னவர். பதினாலு வருசம். எத்தினை வருசத்துக்கு மீசை வளர்ப்பீங்கள்?"

"உன்ர மனுசனுக்குத் தலைமயிர் கொட்டினாப்போல நான் ஏதும் சொன்னனானே? என்ர பிள்ளைக்கு மீசை வளந்தா உனக்கென்ன?"

நளினி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கோ. எந்தப் போல்டரில அவனைப் போட்டிருக்கிறீங்கள்?" என்றார்.

சிறிய கோட்டைக் காட்டினேன். இருவரும் அதைப் பார்த்தார்கள். அச்சகத்துக்குக் கொடுக்க மூன்று நாள் இருந்தது. பிண்டம் ஒன்றா இரண்டா என்று ஐயருக்கும் அதற்குள் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

கல்வெட்டுக்காகக் கஜனின் முப்பத்தொரு வயது முகத்தை அன்று முழுவதும் இருந்து செய்தேன். மறுநாள் மத்தியானம், அந்தப் பதினோராயிரம் படங்களையும் பிரிக்க, புதிதாக வந்திருந்த முகம் பிரிக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். உடையார்கட்டுக் குடும்பத்தை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஸ்ரூடியோவின் முழுச் சேமிப்பையும் கொடுத்துவிட்டேன். எல்லாக் குடும்பங்களும், நாங்கள் எடுத்த எல்லாக் கல்யாணங்களும் அதற்குள் அடங்கும்.

சோறு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது திரையில் இரண்டு முகங்கள் நின்றன. இவர்கள் ஒரே ஆளா என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

இடது பக்கம் நான் முதல்நாள் செய்த முகம். வலது பக்கம் இரண்டு வருடத்துக்கு முன் பூவரசங்குளத்தில் நாங்கள் எடுத்த ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்து நிற்கும் ஒருவர், யாரோ கூப்பிட்டதுபோல் கமராப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறார்.

அந்த நெற்றி எனக்குத் தெரியும். ஒரு நூல் அளவு, ஒரு நூல் அளவாக நான் பின்னால் தள்ளிய நெற்றி அது. மீசை முடியும் இடமும் நான் வைத்ததுதான். குழந்தை வயிற்றில் ஒருமுறை புரண்டது. கைப்பையைத் தேடினேன். அது கீழே விழுந்திருந்தது.

அன்ரன் அண்ணையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"இந்த முகத்தை ஆர் செய்தது?"

"நான்தான் அண்ணை."

"அப்ப நீ செய்த முகத்துக்குத்தான் ஆள் கிடைச்சிருக்கு. அந்த அம்மாவின்ர பிள்ளைக்கு இல்லை. 'இல்லை'யை அமத்திப்போட்டு வேலையைப் பார்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் நான் பந்திப் படத்தைப் பெரிதாக்கினேன். அந்த ஆளின் இடது புருவத்தில் ஒரு வெட்டு. நான் செய்த முகத்தில் வெட்டு வலது புருவத்தில் இருந்தது. எனக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பரீட்சைப் படத்தைத் திறந்தேன். கஜன் பதினாறு வயதில் என்னைப் பார்த்தான். வெட்டு இடது புருவத்தில், வால் முனைக்குச் சற்று மேலே இருந்தது. பந்தியில் நின்றவருக்கும் அதே இடம்.

திருப்பியதை அப்போதுதான் அன்ரன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனை எடுத்தார். அந்தக் கல்யாணத்துப் பெண்ணின் தகப்பனுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டார். "அது மாப்பிள்ளை பகுதியாக்கும். சாம்பார் வாளியை விடவேயில்லை, நல்ல பொடியன்" என்றார் அவர். மாப்பிள்ளையின் தமையனைக் கேட்டால், "அது பொம்பிளை பகுதி. பந்தியெல்லாம் அவையின்ர ஆக்கள்தானே பாத்தவை" என்றார். அந்தக் கல்யாணத்தின் மற்ற எண்ணூறு படங்களையும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு எதிலும் அவர் இல்லை.

"காட்டாமல் விட்டாலும் பாவம், காட்டினாலும் பாவம்" என்றார் அன்ரன் அண்ணை. "வேற குடும்பத்தின்ர படத்தை நாங்கள் ஒருத்தருக்கும் காட்டினதில்லை. இதைக் காட்டு."

அடுத்த நாள் காலையில் செல்வராணி அம்மா தனியாக வந்தார். நளினி அக்கா காரியத்துக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அன்ரன் அண்ணை வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவர் உள்ளே வரவில்லை. ஏழு வருடத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் வரும்போது பத்து விதமாக யோசித்திருந்தேன். கடைசியில் பந்திப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கை மேசை விளிம்பைப் பிடித்தது. பிறகு கை தளர்ந்தது.

"இவனில்லை."

"வடிவாப் பாருங்கோ அம்மா."

"பாத்திட்டன் பிள்ளை. சாயல் கிடக்கு. ஆனா என்ர பிள்ளைக்குத் தழும்பு மற்றப் பக்கம்."

அந்த நேரம் நான் ஆம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேனா என்று தெரியவில்லை.

"அம்மா, அது என்ர பிழை. குடிபூரல் படத்துக்கு நான்தான் முகத்தைத் திருப்பினனான். அதுக்குப் பிறகு எல்லா வருசமும் திருப்பினதுதான் வந்தது. உண்மையில தம்பிக்குத் தழும்பு இந்தப் பக்கம்தான்."

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் பிழைத்துச் சொன்னதுபோல. எழுந்து வந்து என் முகத்தைக் கையில் பிடித்தார். விரலை என் வலது புருவத்தில் வைத்தார். விரல் குளிர்ந்திருந்தது.

"இதில. கிணத்துக் கட்டில விழுந்து வெடிச்சது. நான்தான் மஞ்சள் வைச்சு அமத்திப் பிடிச்சனான். இந்தக் கையால. எனக்குத் தெரியாதே பிள்ளை?"

நான் பரீட்சைப் படத்தைத் திறந்து காட்டினேன். திருப்பாத படம். மாமி அனுப்பியபடியே இருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பந்திப் படத்தைப் பார்த்ததைவிட நெடுநேரம்.

"இந்தப் படம்தான் பிழை" என்றார். "பார்க்க ஆரோ மாதிரிக் கிடக்கு. இதையும் சரியாத் திருப்பி விடுங்கோ."

"அம்மா, இது மூலப் படம்…"

"திருப்பி விடுங்கோ பிள்ளை. நான் பாக்கத் திருப்புங்கோ."

அவர் என் புருவத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் திருப்பினேன். அவன் மற்றப் பக்கம் பார்த்தான். "இப்ப என்ர பிள்ளை" என்றார் அம்மா. பழையதன் மேல் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேறு பெயரில் சேமித்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்று அமத்தினேன்.

கல்வெட்டில் கஜனுக்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. பிண்டமும் ஒன்றுதான் வைத்தார்களாம். நளினி அக்கா அச்சுப் படியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கிழமை வழக்கம்போல எல்லாக் கோப்புறைகளுக்கும் பிரதி எடுக்கப்பட்டது. பிரதியிலும் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டது. அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது மறுநாள்தான். மறுபடி திருப்பலாம்; ஆனால் அதுவும் நான் திருப்பிய படமாகத்தான் இருக்கும். கனடா மாமியிடம் நளினி அக்கா மூலம் கேட்டுப் பார்த்தேன். அவர் போன் மாற்றியிருந்தார். வீடு மாறியபோது கடதாசிப் படமும் எங்கோ போய்விட்டது. ஆனி மாதத்தில் அம்மா வந்தபோது தர்சிகா கேட்டபடி முப்பத்திரண்டு வயதைச் செய்து கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கஜன் உயிரோடு எங்காவது இருந்து, ஒருநாள் உடையார்கட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் படலையைத் திறந்தால், அம்மா அவனுடைய புருவத்தைத்தான் பார்ப்பார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு மறுத்துக் காட்ட இப்போது ஒரு படமும் இல்லை.

ஒன்று இருக்கிறது. நான் வேலையை விட்ட கடைசி நாள், பூவரசங்குளத்துக் கல்யாணத்திலிருந்து அந்தப் பந்திப் படத்தைப் பிரதி எடுத்து, கஜனின் கோப்புறைக்குள் போட்டேன். அந்தக் கல்யாணக்காரரைக் கேட்கவில்லை. செல்வராணி அம்மாவைக் கேட்கவில்லை. அன்ரன் அண்ணைக்கும் தெரியாது. அந்த ஏழு வருடத்தில், ஒருவர் வாயாலும் வராமல், ஒரு படம் யாருடையது என்று நானாக முடிவு செய்தது அது ஒன்றுதான்.